நக்‌ஷ்-இ ருஸ்தம்: பாறையில் ராஜாக்கள்

ஈரானில் பழைய மன்னர்களின் கல்லறைகளும் சிற்பங்களும் உள்ள பாறைத் தலமான நக்‌ஷ்-இ ருஸ்தம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்கள் இதோ.

கே: ஐயா, பெயரைப் பார்த்தால் ருஸ்தமின் சமாதி போல இருக்கிறதே?

இல்லை. ருஸ்தம் ஷாநாமா என்ற பாரசீகக் காவியத்தின் வீரன். பாறைச் சிற்பங்களில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்பது பிற்காலத்து ஊர் மக்களுக்கு மறந்துபோனது. தெரிந்த வீரனின் பெயரையே வைத்துவிட்டார்கள். 'ருஸ்தமின் படம்' என்பதுதான் பொருள்.

கே: அப்படியானால் யாருடைய கல்லறைகள்?

பழைய பாரசீகத் தலைநகர் பெர்சப்பொலிஸுக்குப் பக்கத்தில், செங்குத்தான பாறையில் சிலுவை வடிவில் நான்கு கல்லறைகள். கல்வெட்டு இருப்பதால் ஒன்று கி.மு. 522–486இல் ஆண்ட பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸுடையது என்று உறுதியாகத் தெரியும். மற்றவை அவருக்குப் பின் ஆண்ட செர்க்ஸஸ், முதலாம் அர்தசெர்க்ஸஸ், இரண்டாம் டேரியஸ் ஆகியோருடையவை என்பது அறிஞர்களின் கணிப்பு. வாசல் சிலுவையின் நடுவில், தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும்.

கே: மேலே செதுக்கியிருப்பது என்ன?

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மன்னர் இடக்கையில் வில்லை ஊன்றி, வலக்கையை உயர்த்தி, எரியும் நெருப்புப் பீடத்துக்கு எதிரே நிற்கிறார். மேலே சிறகு விரித்த உருவம். அது பழைய பாரசீகரின் தலைமைக் கடவுள் அகுரா மஸ்தா என்பது பலருடைய கருத்து. அரசனின் தெய்வீக ஒளி என்பாரும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது கீழ்ப்பகுதிதான். மன்னர் நிற்கும் சிம்மாசன மேடையைத் தூக்கி நிற்பவர்கள் 30 நாட்டு ஆட்கள், அவரவர் உடையில்! 'டேரியஸ் எத்தனை நாடுகளை ஆண்டான் என்று யோசித்தால், சிம்மாசனம் தாங்குகிறவர்களைப் பார்' என்கிற பொருளில் கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சிந்துப் பகுதிக்காரரும் அதில் உண்டு. மேலாடை இல்லாமல், இடுப்பில் வேட்டி மாதிரி ஒரு துணியோடு நிற்கிறார்.

கே: கயிறு அறுந்து டேரியஸின் பெற்றோர் விழுந்து இறந்தார்களாமே?

கிரேக்க எழுத்தாளர் கிடீசியஸ் சொல்லும் கதை அது. கயிறு அறுந்ததாகக்கூட அவர் சொல்லவில்லை. கல்லறையைப் பார்க்க ஆசைப்பட்டவர்களைக் கயிற்றில் மேலே இழுத்தவர்கள் பாம்பைக் கண்டு பயந்து கயிற்றை விட்டுவிட்டார்களாம். அவர்கள் 40 பேருக்கும் தலை போனதாம். கிடீசியஸை நான் கொஞ்சம் ஒதுக்கியே வைத்திருப்பேன்.

கே: அண்ணா, குதிரை வீரர்களும் அதே காலமா?

இல்லை, சுமார் 700 வருஷம் பிந்தியது. ஈரானைப் பிற்காலத்தில் ஆண்ட சாசானிய வம்சத்து மன்னர்கள் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அதே பாறைக்கு வந்து, பழைய கல்லறைகளுக்குக் கீழே தங்களைச் செதுக்கிக்கொண்டார்கள். டேரியஸின் ஆப்பெழுத்தை வாசிக்கக்கூடியவர் அப்போது யாரும் இல்லை. ஆனாலும் பெரிய ராஜாக்களின் இடம் என்பது பார்த்தாலே புரியுமே! அதன் நிழலில் நின்றால் புது வம்சத்துக்கும் கொஞ்சம் பழமை ஒட்டிக்கொள்ளும்.

முதல்வர் அர்தசீர். தெய்வமான அகுரா மஸ்தாவும் அவரும் எதிரெதிரே குதிரையில். தெய்வம் அதிகார வளையத்தை நீட்டுகிறது. அர்தசீரின் குதிரைக் காலடியில் அவரிடம் தோற்றுப்போன, அதுவரை ஈரானை ஆண்ட பார்த்திய வம்சத்து மன்னன், தெய்வத்தின் குதிரைக் காலடியில் தீய சக்தி அகிரிமான். அர்தசீரின் எதிரியே கடவுளுக்கும் எதிரி என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியாகிவிட்டது. சிற்பத்தில் மூன்று மொழிகளில் எழுத்தும் உண்டு. கிரேக்கத்தில் அந்தத் தெய்வத்தைக் கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் பெயரால் 'சியூஸ்' என்று எழுதியிருக்கிறார்கள்!

கே: ரோமானியப் பேரரசர் மண்டியிடும் சிற்பம் இங்கேதானே?

ஆமாம், அர்தசீரின் மகன் முதலாம் சாப்பூரின் வெற்றிச் சிற்பம். மண்டியிடுபவர் பேரரசர் வலேரியன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். ஆனால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ரோமானியரின் கையைச் சாப்பூர் இறுகப் பிடித்திருப்பதைக் கவனியுங்கள். எதிரே சதுரமாக நிற்கும் கஅபா-யே சர்துஷ்த் கோபுரத்தில், வலேரியனைத் தன் கையாலேயே பிடித்ததாகச் சாப்பூர் எழுதி வைத்திருக்கிறார். அதனால் நிற்பவர்தான் வலேரியன், மண்டியிடுபவர் 'அரேபியர்' என்று அழைக்கப்பட்ட இன்னொரு ரோமானியப் பேரரசர் பிலிப் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கே: இவர்களுக்கும் முன்னால் அங்கே ஏதாவது இருந்ததா?

இருந்தது. டேரியஸுக்கும் முந்தைய, ஈரானின் தென்மேற்கில் வாழ்ந்த ஈலாமியர் என்ற மக்களின் சிற்பம் ஒன்று. சாசானிய மன்னர் இரண்டாம் பஹ்ராம் அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அங்கே தன் அரசவையை வடித்துக்கொண்டார். ஆனால் வலது ஓரத்தை விட்டுவிட்டார்கள். அங்கே அந்தப் பழைய ஈலாமிய ஆள் ஒருவர் இன்னும் நிற்கிறார்.