இல்லாத கட்டைவிரல் எரியுமா?

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு சுகர் முத்திப்போய் முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க, மூணு மாசம் ஆச்சு. ராத்திரியானா அந்த இல்லாத காலோட கட்டைவிரல் எரியுதுன்னு கத்துறார். நாடகம்னு சொல்றார் என் வீட்டுக்காரர். எடுத்த காலை ஒழுங்கா புதைக்கலயோன்னு கேக்குறாங்க பக்கத்து வீட்டம்மா. பயமா இருக்கு.
- ஒரு மருமகள், திருவொற்றியூர்

பதில்: பயப்படாதீங்கமா, நாடகமும் இல்ல, புதைச்சதுல குத்தமும் இல்ல. கால் எடுத்த நெறைய பேருக்கு இது வரும், ஃபாண்டம் வலின்னு பேரு.

நிலைப்படில கால் இடிச்சா முதல்ல சுரீர்னு இருக்கும், அப்புறம்தான் விண்ணுவிண்ணுன்னு வலி வரும், கவனிச்சிருக்கீங்களா? சேதி கொண்டு போற நரம்பு ரெண்டு வகை, ஒண்ணு வேகமா ஓடும், இன்னொண்ணு செகண்டுக்கு சுமார் ஒரு மீட்டர்தான் நகரும். ரெண்டும் முதுகுத்தண்டு வழியா மூளைக்குப் போய், 'கட்டைவிரல் வலிக்குது'ன்னு மூளை சொன்னாதான் நமக்கு வலி. அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி காலியா இருந்தாலும் அந்த வயர் நடுவுல ஷார்ட் ஆனா வாட்ச்மேன் ரூம்ல மூணாவது மாடி பெல்தானே அடிக்கும், அதே கதைதான் இங்கயும், வெட்டின நரம்போட நுனி சும்மா இருக்காது, மூளைல காலுக்குன்னு இருக்கற இடமும் காலி ஆகல.

நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல இதுக்குக் கண்ணாடி வைத்தியம் கண்டுபிடிச்சார். ரெண்டு காலுக்கும் நடுவுல நீளமான கண்ணாடியை நிக்க வச்சு, நல்ல காலோட பிம்பத்தைப் பார்த்துக்கிட்டே அந்தக் காலை ஆட்டணும், எடுத்த கால் திரும்ப வந்து ஆடுற மாதிரியே தெரியும். தினம் 15 நிமிஷம், நாலு வாரம் பண்ணி வலி குறைஞ்சவங்க இருக்காங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன், முதல் தடவை ஃபிசியோ பக்கத்துல இருக்கட்டும். கே.கே.நகர்ல செயற்கைக் கால் பண்ற கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலயே கேளுங்க. நரம்பு வலிக்குன்னு தனியா மாத்திரை இருக்கு, சாதாரண வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க, சுகர்காரங்க கிட்னிக்கு ஆகாது. புண் ஆறியிருந்தா வெட்டின இடத்தை மெதுவா தடவிவிடலாம், தொடுற உணர்ச்சி முதுகுத்தண்டுக்குப் போய் அங்கயே வலியை மறிக்கும்னு மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1965லயே எழுதிட்டாங்க. இடிச்ச உடனே நாம தேய்க்கிறது அதுக்குத்தான்.

உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை குடுங்க, டெய்லி ராத்திரி டார்ச் அடிச்சு அப்பாவோட இருக்கற காலை, உள்ளங்கால், விரலிடுக்கெல்லாம் பார்க்கச் சொல்லுங்க, ஏன்னா சுகர்ல அந்தக் கால் மரத்துப்போயிருந்தா ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது.