மார்ச் பனியில் துங்கநாத்தா, தேவரியா தாலா?

உத்தராகண்ட் இமயமலையில் துங்கநாத் கோயிலுக்கு ஏறுவதா, தேவரியா தால் ஏரிக்கு ஏறுவதா என்று கேட்டிருந்தீங்க. தேவரியா தாலுக்கே போங்க. மார்ச் இரண்டாம் வாரம், 10 வயசுப் பையன், 58 வயசு அம்மா, மூணு பேருக்கும் இதுதான் முதல் பனி என்றால் துங்கநாத் வேண்டாம்.

"சோப்தாவிலிருந்து துங்கநாத்துக்குக் கல் பாவிய பாதைதானே" என்று கேட்டிருக்கீங்க. சிக்கலே அந்தக் கல்தான். பகல் வெயிலில் உருகும் பனி ராத்திரி உறைந்து, காலையில் கல்மேல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். நிழல் விழும் வளைவுகளில் சீக்கிரம் இளகாது. ஏறும்போது சமாளிச்சிடலாம், இறங்கும்போதுதான் வழுக்கும். கான்வாஸ் ஷூ அங்கே நிற்காது. உயரமும் துங்கநாத் சுமார் 3,680 மீட்டர். தேவரியா தால் 2,400 சொச்சம்தான். சாரி கிராமத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர் போல.

நீங்க இருக்கிற தண்டையார்பேட்டையில் மேடே கிடையாது, கடற்கரை நடை இதுக்குப் பயிற்சி ஆகாது. 4 மாடிக் கட்டடத்தில் 10 முறை ஏறி இறங்கிப் பாருங்க. கிட்டத்தட்ட 120 மீட்டர் ஏற்றம். அம்மாவுக்குப் பை வேண்டாம். பேசிக்கொண்டே ஏற முடியுதா, இறங்கும்போது முழங்கால் வலிக்குதா, இந்த ரெண்டையும் கவனிங்க.

உள்ளே பருத்தி பனியன் போடாதீங்க, வியர்வை காயாமல் உடம்பு சில்லிடும். பையனோட பாலியஸ்டர் ஃபுட்பால் ஜெர்சியே போதும்.

ஒண்ணு மட்டும்: மார்ச்சிலும் புதுப் பனி கொட்டும். முந்தின ராத்திரி கொட்டியிருந்தால், காலையில் யாராவது மேலே போய் வந்தாங்களா என்று சாரியில் தங்குமிடத்துக்காரரிடம் கேளுங்க. யாரும் போகலைன்னா அன்னைக்கு ஏறாதீங்க.