ஒரே டிஷ், ஒரே பெட்டி: எச்.டி. படம் மட்டும் சேனலுக்குச் சேனல் ஏன் மாறுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சியும் டி.டி.எச். இணைப்பும் உள்ளன. எச்.டி. தொகுப்புக்கு மாதந்தோறும் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம். விளையாட்டுச் சேனல் ஒன்றில் கிரிக்கெட் பார்க்கும்போது புல்லின் நுனி வரை தெரிகிறது. அதே பெட்டியில் ஒரு திரைப்பட எச்.டி. சேனலுக்கு மாறினால் நடிகர்களின் முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. கூட்டக் காட்சி வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வேறுபாடு எங்கிருந்து வருகிறது? சேனல்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?
– திருவாரூர் வாசகர்

பதில்: ஒரு சேனலில் புல்நுனி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே உங்கள் டிஷ், செட்-டாப் பெட்டி, கேபிள், தொலைக்காட்சி ஆகிய நான்கையும் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிடுகிறது. எச்.டி. என்ற முத்திரை உறுதி கூறுவது புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே. பழைய சாதாரண ஒளிபரப்பில் படத்தின் அகலவாக்கில் 720 புள்ளிகள், உயரவாக்கில் 576 (அதாவது 576 வரிகள்), முழு எச்.டி.யில் இவை 1920, 1080. அந்த இருபது லட்சம் புள்ளிகளுக்குள் எவ்வளவு விவரம் வந்து சேர்கிறது என்பதைப் பற்றி முத்திரை எதுவும் சொல்வதில்லை. பெரிய அண்டாவில் அரைப்படி அரிசி போட்டுப் பொங்கினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது பெரிய அண்டாதான்.

அமுக்கப்படாத, அதாவது தரவின் அளவு சுருக்கப்படாத எச்.டி. காட்சி விநாடிக்கு ஏறத்தாழ 1.5 கிகாபிட் (1,500 மெகாபிட்) தரவைக் கொண்டது. அதை அப்படியே அனுப்பச் செயற்கைக்கோளில் இடம் இல்லாததால், சேனல் நிறுவனம் அதை அமுக்கி, சி அலைவரிசைச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஏற்றுகிறது. டி.டி.எச். நிறுவனம் அதைத் தன் தரைநிலையத்தின் பெரிய டிஷ்களில் வாங்கி, விரித்து, தனக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு மீண்டும் அமுக்கி, சிறிய டிஷ்களுக்கும் எட்டும் கேயு அலைவரிசையில் உங்கள் மொட்டை மாடிக்கு அனுப்புகிறது. 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிரான்ஸ்பாண்டரில் (தரையிலிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி) டி.வி.பி.-எஸ்2 என்ற ஒளிபரப்பு முறையில் விநாடிக்குச் சுமார் 50 முதல் 60 மெகாபிட் வரை அனுப்பலாம். அதில் ஆறு எச்.டி. சேனல்களை ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது, பத்து மெகாபிட் கிடைக்கும். பன்னிரண்டை ஏற்றினால் நான்கைந்துதான். இந்தப் பங்கும் நிலையானதல்ல. தெருக்குழாயில் ஒரு வீட்டார் மோட்டார் போட்டால் அடுத்த வீட்டில் தண்ணீர் குறைவதைப்போல, ஒரே டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனல்கள் அந்தந்த விநாடியின் தேவைக்கேற்பப் பங்கைக் கூட்டியும் குறைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே நீங்கள் பார்க்கும் படத்தின் தரம், நீங்கள் பார்க்காத அண்டைச் சேனலில் அப்போது என்ன ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. பணம் கொடுத்து விளையாட்டு பார்ப்பவர் படம் உடைந்தால் உடனே தொலைபேசியை எடுப்பார் என்பதால், அந்தச் சேனல்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கப்படுவதில் வியப்பில்லை.

இந்த இடம் எவ்வளவு அருமையான சரக்கு என்பதற்கு ஒரு பழைய நிகழ்வைச் சொல்லலாம். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்குச் சேனல்களை மாற்ற நேர்ந்தது. கூடுதல் புள்ளிகளைத் தருவதாகச் சொல்வது எளிது. வானில் இடம் பிடிப்பதுதான் கடினம்.

இடம் குறையும்போது அமுக்கும் கருவி, கண் உடனே கவனிக்காத நுண்விவரங்களை முதலில் கைவிடுகிறது. தோலின் நுண்துளைகள், பட்டுப்புடவையின் இழைகள், நிழலுக்குள் இருக்கும் மெல்லிய நிற வேறுபாடுகள் ஆகியவை மறைந்துவிடுவதால்தான் முகம் மெழுகாகிறது. கூட்டம், நீர், தூவப்படும் பூக்கள், மின்னும் விளக்கு என்று திரை முழுவதும் ஒரே நேரத்தில் அசையும்போது கைவிட இனி எதுவும் இல்லாமல், படம் கட்டங்களாகச் சிதறுகிறது.

மூலப் படத்தின் தரமும் சேர்ந்துகொள்கிறது. எச்.டி. கேமராக்கள் வருவதற்குமுன் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்ட தொடரில் 576 வரிகளுக்குமேல் விவரமே கிடையாது, அதை எச்.டி. சேனலில் பெரிதாக்கிக் காட்டலாமே தவிர, இல்லாததைக் கொண்டுவர முடியாது. மாறாக, 35 மி.மீ. படச்சுருளின் நெகடிவில் எச்.டி.க்குப் போதுமான விவரம் உண்டு. நெகடிவ் கெடாமல் இருந்து, அதிலிருந்து முறையாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால், 1960-களின் கறுப்பு வெள்ளைப் படம் 2003-ஆம் ஆண்டின் வண்ணத் தொடரைவிடத் துல்லியமாகத் தெரியும். பழையது என்பதால் மங்கல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

குறை மூலத்திலா, அமுக்கலிலா என்று கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. திரையின் மூலையில் உள்ள சேனல் சின்னத்தைப் பாருங்கள். அது சேனல் நிலையத்திலேயே எச்.டி.யில் பதிக்கப்படுவது. சின்னம் கத்திமுனைபோல் இருந்து, படம் மட்டும் மங்கலாக இருந்தால் மூலம்தான் மட்டம். சின்னத்தின் ஓரமும் எழுத்தோட்டத்தின் விளிம்பும்கூட அழுக்குப் படிந்ததுபோல் கலங்கினால், அது அமுக்கலின் வேலை. முகங்கள் எல்லாம் பூசணிபோல் அகன்றிருந்தால், பழைய சதுர வடிவப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

ஒப்பிடும்போது ஒரு சேனலின் கிரிக்கெட்டையும் இன்னொன்றின் நெடுந்தொடரையும் ஒப்பிடாதீர்கள். ஒரே மூலம் இரண்டு சேனல்களில் வரும் நாளுக்குக் காத்திருங்கள்: ஜனவரி 26 அணிவகுப்பைத் தூர்தர்ஷன் கேமராக்கள் பிடிக்க, வேறு சேனல்களும் அதையே வாங்கி ஒளிபரப்புகின்றன. ஒரே திரைப்படம் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு சேனல்களில் வந்தால், அதன் அதே பாடற்காட்சியைக் குறித்துவைத்துப் பாருங்கள். அரங்கில் அமர்ந்து செய்தி வாசிப்பவரின் முகத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். அசைவு குறைந்த அந்தக் காட்சி எந்தச் சேனலிலும் அழகாகவே இருக்கும். என் சோதனைக்களம் சித்திரைத் திருவிழா நேரலை. வைகையில் கள்ளழகர் இறங்கும் வேளையில் எண்ணற்ற தலைகள், பீய்ச்சியடிக்கப்படும் நீர், அதில் சிதறும் காலை வெயில் ஆகிய அனைத்தும் ஒரே காட்சிச் சட்டகத்துக்குள் வருகின்றன. அந்தச் சில நிமிடங்களில் உடையாமல் நிற்கும் சேனலைத் தாராளமாக நம்பலாம்.

கேள்வி: சிக்னல் அளவு 70 விழுக்காடு என்று பெட்டி காட்டுகிறது. பெரிய டிஷ் பொருத்தினால் படம் இன்னும் தெளிவாகும் என்று பழுதுபார்க்க வந்தவர் சொல்கிறார். செலவு செய்யலாமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: தெளிவுக்காக என்றால் வேண்டாம். 1980-களில் உங்கள் பகுதியில் உயரமான ஆண்டெனா நட்டு இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்த தலைமுறையினருக்கு, சிக்னல் கூடக்கூடத் திரையில் பனிபோல் துள்ளும் இரைச்சல் குறைந்து படம் தெளிவடைந்தது நினைவிருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு அப்படிப்பட்டதன்று. பிழைகளைத் திருத்திக்கொள்ளும் அளவுக்குச் சிக்னல் வந்துவிட்டால், தரைநிலையத்திலிருந்து புறப்பட்ட அதே படம் ஒரு துளியும் மாறாமல் கிடைக்கும். அந்த எல்லைக்குக் கீழே போனால் படம் உறைந்து, பிறகு மறைந்தே போகும். கேயு அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சுவதால், வடகிழக்குப் பருவமழையின்போது அடிக்கடி படம் நின்றுபோகிறதென்றால் மட்டும் பெரிய டிஷ் பயன்படும். அதற்கு முன்னால், இருக்கும் டிஷ் காற்றில் திசை மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எச்.டி.க்கும் சாதாரண சேனலுக்கும் வித்தியாசமே இல்லை, வீண்செலவு என்கிறார் என் மாமனார். அவர் சொல்வது சரியா?
– சேலம் வாசகி

பதில்: அவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்துச் சரியாக இருக்கக்கூடும். 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53 செ.மீ. இயல்பான பார்வையுள்ளவர் எச்.டி.யின் நுண்விவரம் முழுவதையும் பிரித்தறிய ஏறத்தாழ ஐந்தரை அடிக்குள் அமர வேண்டும். பத்தடிக்கு அப்பால் சென்றால் 576 வரிகளையே கண் பிரித்தறியத் திணறும் என்பதால், கூடத்தின் மறுகோடியில் சாய்வு நாற்காலி போட்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் அவரிடம் தோல்வியை ஒப்புக்கொள்ளுமுன் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கேபிள் செருகப்பட்டிருந்தால் எச்.டி. திரைக்கு வரவே வராது, எச்.டி.எம்.ஐ. கேபிள் தேவை. பெட்டியின் அமைப்புகளில் வெளியீடு 576 என்று இருந்தால் அதை 1080-க்கு மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் தெரியவில்லையென்றால், விளையாட்டுச் சேனல்களை மட்டும் எச்.டி.யில் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சாதாரண வடிவுக்கு மாற்றிவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகள் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தன. அதே விதிகளின் கட்டணக் கணக்கில் ஒரு எச்.டி. சேனல் இரண்டு சாதாரண சேனல்களுக்குச் சமமாக எண்ணப்பட்டது என்பதையும் மாமனார் அறிந்திருக்கக்கூடும்.

கேள்வி: புதிதாக 55 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கினோம். பழைய 32 அங்குலத் திரையில் நன்றாக இருந்த எச்.டி. சேனல்கள் இதில் மோசமாகத் தெரிகின்றன. தொலைக்காட்சியில் குறையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: குறையில்லை. 4கே திரையில் எச்.டி.யைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று புள்ளிகளைத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்புகிறது. சிறிய திரை மறைத்துவைத்திருந்த அமுக்கல் குறைகளை இந்தப் பெரிய திரை பெரிதாக்கிக் காட்டுகிறது. கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கவர்வதற்காக வைத்திருந்த ‘விவிட்’ அமைப்பிலேயே தொலைக்காட்சி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கூர்மை அளவு உச்சத்தில் இருப்பதால் கட்டங்களின் ஓரங்கள் மேலும் துருத்திக்கொண்டு தெரியும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றி, கூர்மையைப் பெருமளவு குறைத்துவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். முதல் நாள் படம் சற்று மங்கியதுபோல்தான் தோன்றும்.