விளிம்பைப் பாருங்கள்: களிமண் போக்கர் சிப் பற்றி வாசகர் கேள்விகள்

சேகரிப்பாளர் பக்கத்தில் சென்ற முறை களிமண் போக்கர் சிப்புகளின் படங்களை வெளியிட்டிருந்தோம். போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகள் அவை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து. கேரம் காயைக் கையில் வாங்கியதுமே நல்ல காயா, மட்டமா என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கும் பகுதி. கேள்விகளும் அந்தக் கூர்மையோடுதான் வந்திருக்கின்றன.

புது வண்ணாரப்பேட்டை வாசகர்: ஆன்லைனில் அலுமினியப் பெட்டியோடு 500 சிப் வாங்கினேன். ‘14 கிராம், களிமண்’ என்று போட்டிருந்தது. கையில் நல்ல கனம். நிஜமாகவே களிமண்தானா?

இல்லை. அந்தக் கனமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கசினோவில் புழங்கும் களிமண் சிப் 39 மி.மீ. விட்டம், சுமார் 3.3 மி.மீ. தடிமன், 8.5 முதல் 10 கிராம் எடை. அதே அளவுக்குள் களிமண் கலவையை 14 கிராமுக்குக் கொண்டுபோக முடியாது. நடுவில் இரும்புத் தகடு வைத்து அதைச் சுற்றி பிளாஸ்டிக் வார்த்தால்தான் அந்த எடை வரும். 11.5, 13.5, 14 கிராம் என்று கடைகளில் பெட்டியாகக் கிடைப்பவை அநேகமாக இந்த வகைதான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். கவ்விப் பிடித்தால் உள்ளே இரும்பு. இரண்டு சிப்பை மோதினால் ‘கிளிங்’ என்று கேட்கும். களிமண் சிப் ‘டக்’ என்று அடங்கிய ஒலிதான் தரும். ஆனால் இவற்றையெல்லாம் விட நம்பகமானது விளிம்பு. பிளாஸ்டிக் சிப்பின் விளிம்பு பளபளக்கும், வழுக்கும். களிமண் சிப் சிலேட்டைத் தொட்டதுபோல லேசான சொரசொரப்போடு இருக்கும். இருபது சிப்பை அடுக்கினால் தூண் மாதிரி நிற்கும். பிளாஸ்டிக் அடுக்கு தட்டினால் சரிந்துவிடும்.

ஒரு விஷயம். காந்தம் ஒட்டினால் அது களிமண் இல்லை என்றுதான் பொருள், போலி என்று பொருளில்லை. உலோக நடுப்பகுதி கொண்ட பிளாஸ்டிக் சிப்புகளைக் கசினோக்களுக்கென்றே செய்த நிறுவனங்கள் உண்டு. அவற்றுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: விளிம்பில் தெரியும் வேறு நிறப் பட்டைகள் பெயின்ட்டா? பல வருடம் புழங்கினால் அழிந்துவிடாதா?

அழியாது. பெயின்ட் இல்லை, உடம்போடு சேர்ந்த நிறம். சேகரிப்பாளர்கள் இதை எட்ஜ் ஸ்பாட் என்பார்கள். களிமண் சிப்பின் அழகும் விலையும் பெரும்பாலும் இதில்தான் இருக்கின்றன.

நிறம் கலந்த கலவையைத் தகடாக்கி, அதிலிருந்து வட்டங்களை வெட்டி எடுப்பார்கள். பட்டை வரவேண்டிய இடத்தில் ஒரு துண்டை வெட்டி நீக்கிவிட்டு, அதே அளவில் வேறு நிறத் துண்டை அங்கே பொருத்துவார்கள். பிறகு நடுவில் இன்லே எனப்படும் அச்சிட்ட வட்டத்தை வைத்து, மோல்டு எனப்படும் அச்சுக்குள் சூடும் அழுத்தமும் கொடுப்பார்கள். சூடு 150 டிகிரி செல்சியஸ் வரை போகும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு வரை. அந்த அழுத்தத்தில் இரண்டு நிறக் கலவையும் இளகி ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன. பானையைப்போலச் சூளையில் சுடுவதில்லை. ‘களிமண்’ என்ற பெயர் நிலைத்துவிட்டதே தவிர, இது களிமண்ணும் பிசினும் வேறு நிரப்பிகளும் சேர்ந்த கலவை.

இதனால் எந்தப் பட்டையும் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருக்காது. ஓரம் லேசாக வளைந்திருக்கும், ஒரு சிப் போல இன்னொன்று இராது. அதைக் குறையாக எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கையால் செய்ததன் அடையாளம் அது. பட்டை ஒரு முகத்தில் தொடங்கி, விளிம்பு வழியே மறுமுகத்துக்கு அதே இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பட்டைகளை எண்களால் குறிப்பார்கள். ‘314’ என்றால் கால் அங்குல அகலத்தில் மூன்று பட்டை. ‘418’ என்றால் அரைக்கால் அங்குலத்தில் நான்கு. பட்டையின் எண்ணிக்கையும் நிறமும் கூடக் கூட கைவேலை கூடும், விலையும் ஏறும்.

சௌகார்பேட்டை வாசகர்: தங்கசாலைப் பகுதியில் நாணயம் சேகரிக்கும் குடும்பம் எங்களுடையது. சிப்பில் எந்தப் பெயர்களைத் தேட வேண்டும்?

நாணயத்தில் அது அச்சான நாணயச்சாலையின் குறியைப் பார்ப்பீர்கள் அல்லவா, இங்கே அதற்கு ஈடானது மோல்டு குறி. இன்லேயைச் சுற்றி, முகத்தில் அழுந்தியிருக்கும் சின்னஞ்சிறு உருவங்கள். உயரத் தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி வந்தால் அது பால்சன். 1963-இல் பால் எண்டி தொடங்கிய நிறுவனம். 2002-இல் பட் ஜோன்ஸ், பிரான்சின் பூர்கோன் எ கிராசே ஆகிய சிப் நிறுவனங்களோடு சேர்ந்து கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் ஆனது. 2019-இல் ஜப்பானின் ஏஞ்சல் நிறுவனம் அதை வாங்கியது.

பால்சன் இப்போது கசினோக்களுக்கு மட்டுமே செய்கிறது. சேகரிப்பாளர் கைக்கு வருபவை பெரும்பாலும் மூடப்பட்ட கசினோக்களிலிருந்து வந்தவை. லாஸ் ஏஞ்சல்ஸின் டி.ஆர். கிங் செய்த பழைய சிப்புகளுக்கும் மதிப்பு உண்டு. தனிநபருக்கு நம் வடிவமைப்பில் களிமண் சிப் செய்து தருவதில் தெரிந்த பெயர் கிளாசிக் போக்கர் சிப்ஸ். பழைய பர்ட் நிறுவனத்தின் வழியில் வந்த பட்டறை அது.

வாங்குமுன் முகத்தின் படம் மட்டும் போதாது. இருபது சிப்பை அடுக்கி, பக்கவாட்டில் எடுத்த படத்தைக் கேளுங்கள். புழங்கிய சிப்பில் முதலில் தேய்வது ஓரத்தின் கூர்மை. புதிதாக இருந்தபோது 66 மி.மீ. உயரம் இருந்த இருபது சிப் அடுக்கு, தேய்ந்தபின் ஒன்றிரண்டு மி.மீ. குறையும். நாணயத்துக்கு வைத்திருக்கும் வெர்னியர் காலிப்பரே இதற்கும் போதும். ஒரே நிறுவனத்தின் சிப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

ராயபுரம் வாசகர்: எங்கள் ராயபுரம் ரயில் நிலையத்தை வைத்து ஒரு செட் செய்ய ஆசை. முகப்பு முழுவதையும் இன்லேயில் கொண்டுவர முடியுமா? மதிப்பைத் தமிழ் எண்ணில் போடலாமா?

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட இடம். அதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. ஆனால் இன்லேயின் விட்டம் சுமார் 22 மி.மீ., பெரியதாக எடுத்தால் 25. நம் கேரம் காய் முப்பது மி.மீ.க்கு மேல், அதைவிடச் சிறிய வட்டம் இது. அதற்குள் முகப்பு முழுவதையும் வைத்தால் தூண் எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பல் திட்டாகிவிடும். இரண்டு தூண், அவற்றின் மேற்பகுதி, அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்துக்காரருக்கு அதுவே போதும். கால் மி.மீ.க்கு மெலிந்த கோடு எதுவும் வேண்டாம்.

தமிழ் எழுத்தில் சுழி அடைபடுவது பெரிய தொல்லை. ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ மூன்றும் சின்ன அளவில் கரும்புள்ளியாகிவிடும். ஊர்ப்பெயரை வட்டமாக வளைத்து எழுதுவதைவிட நேராக, தடித்த எழுத்தில், ஒரே சொல்லாக வையுங்கள்.

தமிழ் எண்கள் அழகுதான். ஆனால் ௫ என்பதை ‘ரு’ என்றும் ௧ என்பதை ‘க’ என்றும் கண் வாசித்துவிடும். ௱ என்றால் நூறு என்பது பலருக்கு நினைவில்லை. பெரிய எழுத்தில் 5, 25, 100 என்றே போட்டுவிட்டு, கீழே சிறியதாகத் தமிழ் எண்ணை அலங்காரமாக வைக்கலாம். சிப்புக்கு மேல், கீழ் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். எதிரே இருப்பவருக்கு அது தலைகீழாகத்தான் தெரியும். எண் நடுவில், பெரிதாக இருக்கட்டும்.

முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: இன்லேயின் ஓரத்தை ஒட்டி மெல்லிய வளையம் போடுவது. திரையில் மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் இன்லே வெட்டும்போது அரை மி.மீ. விலகுவது சகஜம். வளையம் இருந்தால் அந்த விலகல் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெலிந்தும் பளிச்சென்று தெரியும். வளையம் வேண்டாம். பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டைத் தாண்டி 1.5 மி.மீ. நீட்டிவிடுங்கள்.

படம் தயாரானதும் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு அச்சகத்தில் ஸ்டிக்கர் தாளில் உண்மை அளவிலேயே அச்சிட்டு வாருங்கள். வெட்டி ஒரு பழைய ஸ்ட்ரைக்கரின் மேல் ஒட்டுங்கள். ஸ்ட்ரைக்கரின் உச்ச அளவு 41.3 மி.மீ., ஆகவே சிப்போடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். மேசையின் மறுமுனையிலிருந்து, இரவு விளக்கில் பாருங்கள். எண் தெரியவில்லை என்றால் படத்தைக் குறையுங்கள்.

நிறத்துக்கு வருவோம். அமெரிக்க வழக்கில் 1 வெள்ளை, 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா. கட்டாயமில்லை, ஆனால் கை பழகிய வரிசை. நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். களிமண்ணின் நிறம் எப்போதும் ஒரு பிடி அடங்கியே இருக்கும். செய்பவர்களிடம் நிற மாதிரிச் சிப்புகளை விலைக்கு வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். அடிநிறத்தையும் பட்டை நிறத்தையும் பக்கத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், மஞ்சள் விளக்கில் பட்டை மறைந்துவிடும்.

பட்டையை மதிப்போடு சேர்த்து வளரவிடுங்கள். 1-க்கு மூன்று எளிய பட்டை, 5-க்கு நான்கு, 25-க்கு ஒவ்வொன்றும் இரு நிறமாகப் பிளந்த நான்கு, 100-க்கு எட்டு. அடுக்கில் ஒரு சிப் தவறிக் கலந்தாலும் பக்கவாட்டில் பார்த்தவுடனே தெரிய வேண்டும். கசினோக்களில் பட்டை இருப்பதே அதற்காகத்தான். அழகு அந்த வேலையிலிருந்து பிறந்தது.

பெரம்பூர் வாசகர்: எட்டுப் பேர் விளையாட எத்தனை சிப் செய்யச் சொல்ல வேண்டும்? 500 போதுமா?

300 போதும். மதிப்பு வாரியாக 1-இல் 100 சிப், 5-இல் 120, 25-இல் 60, 100-இல் 20. ஆளுக்கு 1-இல் பத்து, 5-இல் பத்து, 25-இல் நான்கு கொடுத்தால் ஆளுக்கு 160 புள்ளி. மீதி நடுவில் இருக்கும். 300 என்பது மூன்று கிலோ, 500 என்பது ஐந்து. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கில் அந்த இரண்டு கிலோவுக்கும் கூலி உண்டு. மிச்சமாகும் பணத்தை நல்ல பட்டைக்குப் போடுங்கள். ஒவ்வொரு மதிப்பிலும் ஐந்து கூடுதலாக முதலிலேயே வாங்கிவிடுங்கள். பின்னால் செய்யும் கலவையின் நிறம் அப்படியே ஒத்துப்போகாது.

காசிமேடு வாசகர்: கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு. சிப்புகள் வெளிறி, வெள்ளை பூத்ததுபோல இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் சிக்கு வாடை வரும், தூசியையும் பிடித்துவைக்கும். மருந்துக் கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின்தான் இதற்கு ஏற்றது. அது கெட்டுப்போகாது, வாடையும் இல்லை.

முதலில் கழுவ வேண்டும். கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. குழந்தைகளுக்கான மெல்லிய டூத்பிரஷ். ஒரு சிப்புக்கு இருபது நொடி, விளிம்பைச் சுற்றித் தேயுங்கள். இன்லேயின் மேல் அழுத்த வேண்டாம். ஊறப்போடக் கூடாது. ஓரம் தூக்கிய பழைய இன்லேக்குள் தண்ணீர் இறங்கினால் கறை நிரந்தரம். தங்க நிறத்தில் ஹாட் ஸ்டாம்ப் அடித்த, அதாவது எழுத்தைச் சூட்டோடு அழுத்திப் பதித்த சிப் என்றால் பிரஷ் போடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பொன்பூச்சு உதிர்ந்துவிடும். பித்தளைக்குப் போடுவதுபோலப் புளியோ எலுமிச்சையோ போடாதீர்கள். கலவையில் சுண்ணாம்பு வகை நிரப்பி இருந்தால் புளிப்பு அதை அரிக்கும். தின்னர், ஸ்பிரிட், பிளீச்சிங் மூன்றும் விலக்கு.

துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரவு விடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். மறுநாள் பனியன் துணியில் நான்கு சொட்டுப் பாரஃபின் விட்டு, பத்து சிப்பைத் துடையுங்கள். ஒரு நாள் கழித்து உலர்ந்த துணியால் மீதியை எடுத்துவிடுங்கள். வெளிறிய சிவப்பு மறுபடி ஆழமாகும். அதிகம் தடவினால் சிப் ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கு வழுக்கும்.

வைப்பதற்கு அக்ரிலிக் ராக் நல்லது. ஒரு ராக்கில் 20 வீதம் ஐந்து வரிசை, ஆக நூறு. மூடிய பெட்டிக்குள் ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கடி காயவைக்க வேண்டியிருக்கும். ரப்பர் பேண்டும் மெத்தென்ற பி.வி.சி. உறையும் புழுக்கத்தில் இளகிச் சிப்பில் ஒட்டும். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் சாம்பல் தூசியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம். மணல் தாளால் தேய்த்த கீறல் விழும். ஊதி, ஈரத்தில் எடுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: கேரம் கிளப்பில் புள்ளிக் கணக்குக்கு இதை வைக்கலாமா?

தாராளமாக. போரிக் பவுடர் படாத தூரத்தில் வையுங்கள். சொரசொரப்பான முகத்துக்குள் அது புகுந்தால், பிரஷ் போட்டாலும் முழுதாக வராது.

திருவொற்றியூர் வாசகர்: வீட்டில் போக்கர் சிப் இருந்தால் சட்டப்படி தவறா?

சேகரிப்பது சூதாட்டம் ஆகாது. 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் குறிவைப்பது சூதாட்ட விடுதியையும் பணயம் வைத்து ஆடுவதையும். பணம் வைத்து ஆடாதீர்கள். சொந்த வடிவமைப்பில் ரூபாய்க் குறி போடாமல் வெறும் எண்ணாக விடுங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: கண்ணாடி மேசையில் வைத்துச் சுண்டினால் ஒரு சிப் மட்டும் பம்பரமாகச் சுற்றுகிறது. ஏன்?

தட்டையாக இல்லை, நடுவில் மிக லேசாகப் புடைத்திருக்கிறது. வெயில் படும் இடத்திலோ வண்டிக்குள்ளோ சாய்ந்து கிடந்தால் இப்படி வளையும். அயர்ன் பாக்ஸ் வைத்து அழுத்தாதீர்கள், இன்லே கொப்பளித்துவிடும். ராக்கில் மற்ற சிப்புகளுக்கு நடுவே இறுக்கமாக நிறுத்தி வையுங்கள், மேலும் வளையாது.