பூச்சி கேள்வி பதில்: ஒரு பெயர், இரண்டு கொசு

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் பழைய ஓக் மரம், அடிமரத்தில் பொந்து, அதில் மழைத்தண்ணீர் நின்று கொசு வருகிறது. இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் ‘ஏடிஸ் ட்ரைசீரியேட்டஸ்’ என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ‘ஆக்லெரோடேட்டஸ் ட்ரைசீரியேட்டஸ்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா, வேறா?
– வாசகர், தென்காசி

பதில்: ஒன்றேதான். 1823ல் தாமஸ் சே என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் இதை ‘கியூலெக்ஸ்’ பேரினத்தில் (பேரினம் என்றால் நெருங்கிய இனங்களின் கூட்டம்) வைத்து விவரித்தார். அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கொசுவும் கியூலெக்ஸ்தான். பிறகு ஏடிஸுக்குப் போனது. 2000ல் ரெய்னெர்ட் என்பவர் ஏடிஸ் பேரினத்தை உடைத்து ஆக்லெரோடேட்டஸைத் தனியாகப் பிரித்தார். நோய்த்தடுப்பு வேலையில் இருப்பவர்கள் பலருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, பழைய பெயரையே எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2015ல் வேறொரு ஆய்வாளர் குழு எல்லாவற்றையும் திரும்ப ஏடிஸுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆகவே ஆக்லெரோடேட்டஸ் என்று இருந்தால் அந்தப் பக்கம் அநேகமாக அந்த இடைக்காலத்தில் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் பெயர்ச் சண்டையைவிட முக்கியமான கதை வேறு. 1918ல் காக்கரெல் என்பவர் கொலராடோவில் கிடைத்த ஒரு கொசுவை ட்ரைசீரியேட்டஸின் ஒரு வகை என்று சொல்லி ‘ஹெண்டர்சோனி’ எனப் பெயர் வைத்தார். (இவர் தேனீக்களில் புலி, ஆயிரக்கணக்கான தேனீ இனங்களுக்குப் பெயர் வைத்தவர்.) அது அப்படியே மறக்கப்பட்டு, இரண்டும் ஒரே கொசு என்றே நாற்பது வருடம் போனது. 1960ல் டெக்சஸில் இருந்த பிரீலேண்ட் என்ற ஆய்வாளர்தான் புழுப் பருவத்தையும் சேர்த்துப் பார்த்து, இது தனி இனமேதான் என்று நிறுவினார். வளர்ந்த கொசுவில் வித்தியாசம் சின்னதுதான்: இரண்டுக்கும் மார்பின் இருபுறமும் வெள்ளிச் செதில், நடுவில் கரும்பட்டை, ட்ரைசீரியேட்டஸுக்கு அந்தப் பட்டை அகலம், ஹெண்டர்சோனிக்குக் குறுகல். செதில் உதிர்ந்த கொசு கிடைத்தால் நிபுணரே தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பட்டையை அளந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லா கிராஸ் வைரஸ் என்று ஒன்று இருக்கிறது, குழந்தைகளுக்கு மூளையழற்சி தரக்கூடியது. விஸ்கான்சினில் லா கிராஸ் ஊர் மருத்துவமனையில் 1960ல் இறந்துபோன ஒரு சிறுமியின் மூளைத் திசுவைப் பாதுகாத்து வைத்திருந்து, அதிலிருந்து 1964ல் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பரப்பும் முக்கியக் கொசு ட்ரைசீரியேட்டஸ். ஹெண்டர்சோனியின் உடம்பிலும் வைரஸ் வளர்கிறது, உமிழ்நீர்ச் சுரப்பி வரைக்கும் போகிறது, ஆனால் கடிக்கும்போது உமிழ்நீரோடு சரியாக வெளியே வருவதில்லை. போதாததற்கு ஹெண்டர்சோனி பெரும்பாலும் மர உச்சிப் பக்கத்துப் பொந்துகளை நாடும், ட்ரைசீரியேட்டஸ் தரைக்கு அருகில். இரண்டையும் ஒரே பெயரில் எண்ணினால் எந்தத் தோப்பில் ஆபத்து என்றே தெரியாமல் போகும்.

பரவலும் அப்படித்தான் குழம்பியிருந்தது. ட்ரைசீரியேட்டஸ் கிழக்கு வட அமெரிக்காவின் காடுகளில், தெற்கே புளோரிடாவிலிருந்து கனடாவின் தென்கிழக்குவரை. மேற்கே ராக்கி மலைப்பக்கம் ‘ட்ரைசீரியேட்டஸ்’ என்று பழைய ஏடுகளில் பதிவானவை பிறகு பார்த்தால் ஹெண்டர்சோனி. கிழக்கில் பல இடங்களில் இரண்டும் ஒன்றாகவே வாழ்கின்றன, ஒஹாயோ உட்பட.

கேள்வி: இந்தக் கொசு நம் ஊரில் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. நம் பக்கம் மரப்பொந்திலும் ரப்பர் தோட்டத்துச் சிரட்டையிலும் வளரும் பிரபலம் ஏடிஸ் ஆல்போபிக்டஸ், காலில் வெள்ளை வளையம் இருக்கும். ட்ரைசீரியேட்டஸுக்குக் காலில் அந்த வளையம் கிடையாது. ஆல்போபிக்டஸ் ஆசியாவிலிருந்து பழைய டயர்களோடு கப்பலேறி 1985ல் ஹூஸ்டனில் குடியேறியது தெரிந்தது. டயர் தண்ணீரில் இரண்டின் புழுக்களும் சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் வந்தேறிதான் ஜெயிக்கிறது. காட்டுக்குள் மரப்பொந்துகளில் மட்டும் உள்ளூர்க்காரர் தாக்குப்பிடிக்கிறார்.

கேள்வி: மரப்பொந்தை சிமெண்ட் போட்டு அடைத்துவிடலாமா? மழை இல்லாத மாதத்தில் கொசு செத்துவிடாதா?
– வாசகர், கோவை

பதில்: சிமெண்ட் வேண்டாம், மரத்துக்கு நல்லதல்ல. மண்ணோ மணலோ போட்டு நிரப்பினால் போதும், தண்ணீர் நிற்காது. வறண்டால் புழு சாகும், முட்டை சாகாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பொந்தின் உள்சுவரில்தான் முட்டை ஒட்டியிருக்கும், குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து அடுத்த வருட மழையில் பொரிக்கும். இன்னொன்று: வைரஸ் தாயிடமிருந்து முட்டைக்கே போய்விடும் என்று 1973லேயே காட்டிவிட்டார்கள். அதனால் வசந்தத்தில் பிறக்கும் கொசு யாரையும் கடிக்காமலேயே வைரஸோடு வரலாம். தென்காசிக்காரர் மகளிடம் சொல்லுங்கள்: பொந்தோடு, தோட்டத்தில் கிடக்கும் பழைய டயரையும் அப்புறப்படுத்தட்டும், இந்தக் கொசு அதிலும் வளரும். இது பகலில் கடிக்கிற ஜாதி, எனவே ராத்திரி கொசுவலையை நம்பிப் பயனில்லை. குழந்தைகள் மரத்தடியில் விளையாடும்போதுதான் முழுக்கை சட்டை தேவை.