மஞ்சள் இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?

தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சிக்குப் பிரெட்னிசோலோன் எடுக்கும் உங்கள் அம்மாவுக்குக் கண் மஞ்சள் தெளிந்துவிட்டது, இனிக் கீழ்க்காய்நெல்லி போதுமா என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இது கிருமியால் வரும் செங்கண்மாரி அல்ல; உடலின் காவற்படையே ஈரலைத் தாக்குகிறது. பிரெட்னிசோலோன் அதை விரைவாக அடக்கும். பிறகு மருத்துவர் அந்தக் குளிசையைப் படிப்படியாகக் குறைத்து, தாக்குதலை அடக்கிவைக்கும் இன்னொரு மருந்தான அசாத்தியோபிரினைத் தொடர்வார். இரத்தப் பரிசோதனைகள் குறைந்தது 2 ஆண்டுகள் சீராக இருந்த பின்னரே நிறுத்துவது பற்றிய பேச்சு; அப்போதும் பலருக்கு நோய் திரும்புகிறது.

அசாத்தியோபிரின் வெண்குருதி அணுக்களைக் குறைக்கக்கூடும். கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுப்பது அதற்காகவும்தான். பஸ் தவறிவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வாதத்துக்குக் (கவுட்) கொடுக்கும் அலோபியூரினோல் சேர்ந்தால் அந்த ஆபத்து பன்மடங்காகும்.

இந்த மருந்துகள் ஒத்துவராவிட்டால் மைக்கோபினோலேட், டக்ரோலிமஸ் என்ற வேறு மருந்துகள் உண்டு. ஈரல் செயலிழந்தால் ஈரல் மாற்று அறுவைச் சிகிச்சை.

கஷாயம் வேண்டவே வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி ஏறினால் நோயா, மூலிகையா என்று பிரித்தறிவது கடினம்.

அம்மா வயலுக்குப் போகிறவரா? இந்த மருந்துகள் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைப்பதால், வெறுங்காலோடு சேற்றில் இறங்க விடாதீர்கள். கால் வெடிப்பு வழியே மண் கிருமிகள் புகும். காய்ச்சல் என்றால் பனடோலோடு காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.