வெள்ளைத் தாளில் வெள்ளை முட்டை

அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், லீவுக்கு சிவகாசி வந்த இடத்தில் மூன்று நாளாக ஜன்னலோரம் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டே இருக்கிறாள், இதற்கா ஃபீஸ் கட்டுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கேமரா வாங்கித் தர வேண்டுமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்விகளும் இருக்கின்றன. முதலில் முட்டையைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளைத் தாளில் வெள்ளை முட்டையைப் படம் பிடிப்பது ஒளிப்படக் கல்வியில் பழைய, மிக நல்ல பயிற்சி. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது முட்டையா தோசைக்கல்லா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் அது கணக்குப் போடும். அதனால் ஆட்டோவில் எடுத்தால் நாமக்கல் வெள்ளை முட்டையும் சாம்பல் பூசினாற்போல மங்கி வரும். வெள்ளை வெள்ளையாக வர வேண்டுமென்றால் கேமரா சொல்வதைவிட ஒரு ஸ்டாப்போ, அதாவது இரண்டு மடங்கோ, சில நேரம் அதற்குச் சற்று மேலோ, கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். கருப்புத் துணியில் இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் கணக்கு தலைகீழாகும், குறைக்க வேண்டும். இதை வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கைக்கு வர அறுபது, எழுபது படங்கள் பாழாக வேண்டும்.

நாளைக்கு அவள் ஒரு கல்யாண மண்டபத்தில் நிற்கும்போது மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டி, பெண் அரக்குச் சேலை, நடுவில் ஹோமப் புகை. அங்கே தாலி கட்டும் அந்த ஒரு நொடியில் இந்த முட்டைதான் அவளுக்குக் கை கொடுக்கும்.

முட்டையில் இன்னொரு பாடமும் உண்டு. அதற்கு மூலையும் விளிம்பும் கிடையாது. வெளிச்சம் படும் பக்கத்திலிருந்து நிழல் பக்கம் வரை சாயல் எங்கும் முறியாமல் இறங்க வேண்டும். அந்த இறக்கம் தெரிந்தால்தான் பார்ப்பவருக்கு அது உருண்டை, தெரியாவிட்டால் வெட்டி ஒட்டிய வெள்ளைக் காகிதம். ஜன்னலுக்கு அருகே கொண்டுபோனால் நிழல் மெதுவாக இறங்கும். தள்ளித் தள்ளி வைத்தால் நிழலின் விளிம்பு கூர்மையாகும். எதிர்ப் பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் நிழலுக்குள் வெளிச்சம் திரும்பி வரும். அவள் மூன்று நாள் முட்டையை இங்கும் அங்கும் நகர்த்தியது இதற்காகத்தான். மனித முகமும் இப்படித்தான் வளைந்து இறங்குகிறது.

இனி எடிட்டிங். "எடுத்ததை விட்டுவிட்டு நாளெல்லாம் கம்ப்யூட்டரில் தடவிக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அண்ணாச்சி, முப்பது வருடம் அச்சகத்தில் ஆஃப்செட் அச்சு பார்த்த உங்களுக்கு இது எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். வெளிச்சம் மிகுந்து வெந்துபோன இடத்தில் பிளேட்டில் புள்ளி விழாது, அங்கே காகிதத்தின் வெள்ளைதான் மிஞ்சும். என்ன மை ஊற்றினாலும் இல்லாத விவரம் வராது. டிஜிட்டல் கோப்பும் அதேதான். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 வெளிச்சப் படிகள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பான ரா-வில், 14 பிட் என்றால், 16,384 படிகள். அதனால் ரா-வில் எடுத்தால் நிழலை ஓரளவு தூக்கலாம், வெளிச்சத்தை ஓரளவு இறக்கலாம். முழுக்க வெந்த வெள்ளையை மட்டும் எதனாலும் மீட்க முடியாது. எடிட்டிங்கில் உட்காரும் மாணவிக்கு இது அன்றே புரிந்துவிடும், மறுநாள் கேமராவை வேறு மாதிரிப் பிடிப்பாள். எடிட்டிங் கற்றுத் தருவதில் பாதி, எடுக்கும்போது என்ன தவறு செய்தோம் என்பதுதான்.

ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். பல வருடத்துக்கு முன் என்னிடம் வந்தபோது அவன் ஆல்பம் பளபளவென்றிருந்தது. வானம் நீலத்துக்கு மேல் நீலம், முகமெல்லாம் மெழுகு. நானும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி இன்டர்வியூவுக்கு அனுப்பினேன். போன இடத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் படத்தின் ரா எங்கே? முன்னும் பின்னும் எடுத்தவை எங்கே?" அவனிடம் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தான். தோற்றுத் திரும்பினான். அவனுக்கு முன்கூட்டியே அதைச் சொல்லாதது என் தவறு. அன்றிலிருந்து யாருடைய ஆல்பத்தையும் நான் முதலில் பார்ப்பதில்லை. அசைன்மென்ட் ஃபோல்டரைத்தான் கேட்கிறேன். ஒன்றாம் படத்திலிருந்து எழுபதாம் படம் வரை வரிசையாகப் பார்த்தால் பிள்ளை எங்கே யோசித்தாள், எங்கே சோம்பினாள், எங்கே பிடித்தாள் என்பது தெரிந்துவிடும்.

பத்திரிகைப் படங்களில் இது இன்னும் கடுமை. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக் கட்டத்துக்கு வருபவர்கள் மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டும். 2015-இல் கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் சுமார் 20 விழுக்காட்டை, அளவு மீறித் திருத்தியதற்காகத் தள்ளினார்கள். அதே ஆண்டு பரிசு பெற்ற ஒரு படத்தொகுப்பில், வேறு ஊரில் எடுத்த படத்துக்குத் தவறான ஊர்ப்பெயர் போட்டிருந்தது தெரிந்ததும் பரிசையே திரும்பப் பெற்றார்கள். படத்தைத் தொடாமல் கீழே எழுதிய வரியில் பிசகினாலும் பரிசு போகும்.

அப்புறம் ஒன்று, இதை நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். முகத்தைச் சிவப்பாக்கித் தரச் சொல்லி வாடிக்கையாளர் கேட்பார்கள். கல்யாண ஆல்பங்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. கறுத்த முகத்தின் கறுப்பை அதன் மினுக்கோடு எடுக்கத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும். அதற்குத் தோசைக்கல் அசைன்மென்ட்டைச் சிரத்தையாகச் செய்ய வேண்டும். உங்கள் மகள் அதைச் செய்துவிட்டாளா என்று கேளுங்கள்.

கேமராவுக்கு வருவோம். இப்போது ஒன்றரை லட்சம் வேண்டாம். கல்லூரிக் கேமராவோடு சொந்தமாக ஒன்று அவசியமென்றால் பழைய டிஎஸ்எல்ஆர், 18-55 லென்ஸ், முடிந்தால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், ஆடாத ஒரு டிரைபாட் போதும். பழையதை வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றுக்கு ஷட்டரின் ஆயுள் ஒரு லட்சம் முறை என்பது கணக்கு. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மிச்சப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஒரே இடத்தில் வைத்த படம் இல்லாத படம் மாதிரி. மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டவும் தேவையில்லை. டார்க்டேபிள், ரா-தெரபி, கிம்ப் மூன்றும் இலவசம், கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

வேலை விஷயத்தில் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. இதில் மாதச் சம்பளம் எல்லோருக்கும் அமையாது. கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு ஆடியும் மார்கழியும் கையைக் கடிக்கும். ஆனால் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் படம் வேண்டும். ஓலைச்சுவடி, பழைய புத்தகம், பழைய புகைப்படம் இவற்றை டிஜிட்டலாக்கும் வேலைக்கு நுணுக்கமான வெளிச்சமும் வண்ணமும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள், தென்னிந்தியக் கோயில்கள் பல அதில் பதிவாகியிருக்கின்றன. மேலே படிக்க ஆசை வந்தால் காந்திநகர் என்ஐடியில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) ஒளிப்பட வடிவமைப்பில் முதுகலை உண்டு. அசையும் படத்தில் மனது போனால் தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் ஒரு பொருளை வைத்து எடுக்கும் எளிய வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டுதான் வருகிறது. நடந்ததை நடந்த இடத்தில் நின்று எடுக்கும் வேலையும், மூலக் கோப்பைக் காட்டி நிரூபிக்க வேண்டிய வேலையும் மனிதரிடம்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அதனால்தான் பழுதான படங்களையும் அழிக்காமல் வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் மகளுக்கு மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஜொலிக்கும் நீலமும் பச்சையும் நான்கு மையில் இறங்கும்போது ஏன் மங்குகின்றன என்பதைப் பல மாணவர்கள் முதல் ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அவளுக்கு அது அப்பாவின் அச்சகத்திலேயே கிடைக்கும். லீவு முடிவதற்குள் ஒருநாள் அவளை அழைத்துப்போங்கள். அந்த முட்டைப் படத்தை 12க்கு 18 அங்குலத்தில், ஆர்ட் பேப்பரில் ஒரு புரூஃப் போடுங்கள். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், அவள் கோப்பு அதற்கு எட்டுகிறதா என்று அவளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் புள்ளி பார்க்கும் லென்ஸை அவள் கையில் கொடுத்து, முட்டையின் மேல்பக்கத்தில் மெல்லிய புள்ளியாவது விழுந்திருக்கிறதா, வெறும் காகிதம்தான் தெரிகிறதா என்று கேளுங்கள்.

அவள் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள். கூடவே அந்த எழுபது படங்களும் இருக்கும் ஃபோல்டரை, ஒன்றையும் நீக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.